பண்டிகை நாளில் படிப்பு

சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைத் தொடக் கூடாது. சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ் வீடுகளில் வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட இனிப்பான சட்டம் வேறில்லை. பாடப் புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டு, மேலே ஒரு பட்டுத் துணியைப் போர்த்திவிட்டால் விஜயதசமி காலைவரை யாரும் “போய்ப் படி” என்று விரட்ட முடியாது. ஆண்டு முழுவதும் அதட்டி உட்கார வைக்கும் வீடே அன்று ஒரு நாள் படிக்காதே என்கிறது. புத்தகத்தைக் கும்பிடும் நாள் அது. படிக்கும் நாள் அல்ல.

யூதர்களும் புத்தகத்தைக் கும்பிடாத குறையாக மதிப்பவர்கள்தான். மோசேயின் ஐந்து ஆகமங்களான தோராவைத் தோல் சுருளில் கையால் எழுதி, பட்டு உறையிட்டு, தனிப் பேழையில் வைக்கிறார்கள். படிக்கும்போது எழுத்தின் மேல் விரல் படக் கூடாது என்பதற்காக, நுனியில் சிறு கை செதுக்கிய ஒரு குச்சியால் வரிகளைத் தொடர்கிறார்கள். சுருள் கைதவறிக் கீழே விழுந்துவிட்டால் விரதமிருக்கும் வழக்கம்கூட உண்டு. ஆனால் அந்தத் தோராவைக் கொண்டாடும் நாள் வந்தால் அவர்கள் செய்வது நேர்மாறானது. ஷாவுவோத் பண்டிகையன்று ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் படிக்கிறார்கள்.

தமிழ் வேதாகமத்தில் இது ‘வாரங்களின் பண்டிகை’. பஸ்காவின் இரண்டாம் நாள் தொடங்கி 49 நாட்களை எண்ணி, ஐம்பதாம் நாள் கொண்டாடுவார்கள். நம் நாட்காட்டியில் மே மாதத்திலோ ஜூனிலோ வரும். ஆதியில் இது படிப்பாளிகளின் பண்டிகை அல்ல. கோதுமை அறுவடை முடிந்து, முதல் விளைச்சலை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோய்ப் படைத்த குடியானவர்களின் திருநாள். கி.பி. 70-இல் ரோமானியப் படை அந்த ஆலயத்தை இடித்தது. படைக்க இடமில்லை, காலப்போக்கில் பலருக்கு விதைக்க நிலமும் இல்லை. அப்படியும் அந்தப் பண்டிகை சாகவில்லை. சீனாய் மலையில் தோரா அருளப்பட்ட நாள் இதுவே என்று ரபிமார்கள், அதாவது யூத மத ஆசான்கள், வகுத்த பொருள் நிலைத்தது. நெல்லும் கோதுமையும் இல்லாத ஊரிலும், கோயில் இல்லாத நாட்டிலும் கொண்டாடக்கூடியதாக ஒரு பண்டிகை மாறியது.

இரவு முழுக்கப் படிக்கும் வழக்கம் பரவலானது 16-ஆம் நூற்றாண்டில். யோசேப்பு காரோ, சொலொமோன் அல்காபெத்ஸ் போன்ற அறிஞர்கள் ஒட்டோமான் ஆட்சிப் பகுதிகளில் அதை நடத்திக் காட்டினார்கள். அதற்கு ஒரு பழங்கதையும் உண்டு. தோராவைப் பெற வேண்டிய நாளன்று காலையில் இஸ்ரவேல் ஜனங்கள் அயர்ந்து தூங்கிவிட்டார்களாம். அந்தத் தூக்கத்துக்கு ஈடாகத்தான் இந்த விழிப்பு என்பார்கள். இன்றும் எருசலேமில் அந்த இரவில் ஊரே விழித்திருக்கிறது. தொழுகைக்கூடங்களிலும் மன்றங்களிலும் பாடம் நடக்கிறது; கிழக்கு வெளுக்கும் நேரத்தில் கூட்டம் கூட்டமாக மேற்குச் சுவரை நோக்கி நடக்கிறார்கள். ரபி மட்டும் படித்து மற்றவர்கள் கைகூப்பி நிற்கும் இரவு அல்ல அது. கடைக்காரர், மருத்துவர், கல்லூரி மாணவி, பேரப்பிள்ளை எடுத்த பாட்டி என்று எல்லோர் மடியிலும் புத்தகம் திறந்திருக்கும்.

எதற்காக இப்படிப் படிக்க வேண்டும்? தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை, சம்பளம் கூடப் போவதும் இல்லை. போன வருடம் படித்த அதே பகுதிதான் இந்த வருடமும்.

இந்தக் கேள்வி திருப்பதியில் எழுவது பொருத்தமானது. படிப்புக்குக் குறைவில்லாத ஊர் இது. வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் 1954-இல் வந்தது, பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம் 1983-இல், வேதப் பல்கலைக்கழகம் 2006-இல், ஐ.ஐ.டி. 2015-இல். சித்தூரிலிருந்து காலைப் பேருந்தில் வரும் பிள்ளைகளின் பைகளில் நுழைவுத் தேர்வுப் புத்தகங்கள் பிதுங்குகின்றன. அந்தப் படிப்பைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தது அதனால்தான். ஆனால் அந்தப் படிப்புக்கு ஒரு முடிவு தேதி இருக்கிறது. வேலை கிடைத்த அன்று புத்தகம் பழைய பேப்பர்க்காரருக்குப் போகிறது. அதற்குப் பிறகு முப்பது, நாற்பது ஆண்டுகள் மனம் எதைத் தின்று வாழும் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

யூத மரபு இதைப் பற்றி ஓயாமல் பேசியது. ரபி அகிவா நாற்பது வயதுவரை எழுத்தறியாத மேய்ப்பர் என்றும், நீர்த்துளி விழுந்து விழுந்து கல் குழிந்திருப்பதைப் பார்த்துத்தான் படிக்க உட்கார்ந்தார் என்றும் சொல்வார்கள். ரபிமார்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூத் நூலின் பக்கத்தைப் பார்த்தாலே அந்த மரபின் குணம் தெரியும். வெனிஸ் நகரில் டேனியல் பாம்பர்க் 1520 முதல் 1523 வரை அச்சிட்ட பதிப்பு வகுத்த அமைப்பு அது. நடுவில் மூலம். ஒரு பக்கம் 11-ஆம் நூற்றாண்டு பிரான்சில் வாழ்ந்த ராஷியின் உரை. மறுபக்கம் அவருடைய பேரன்மாரும் பின்வந்தவர்களும் எழுதிய கேள்விகள். பல இடங்களில் அவை தாத்தாவை நேருக்கு நேர் மறுக்கின்றன. அவரும் அங்கேயே இருக்கிறார், மறுப்பும் அங்கேயே இருக்கிறது. படிப்பவர் தனியாக அமர்வதில்லை, எதிரில் ஒருவர் உட்கார்ந்து “அது எப்படி?” என்று மடக்கிக்கொண்டே இருப்பார்.

1923-இல் வியன்னாவில் கூடிய ஒரு யூத மாநாட்டில் ரபி மேயர் ஷாபிரோ ஒரு யோசனை சொன்னார். உலகெங்கும் உள்ள யூதர்கள் ஒவ்வொரு நாளும் தல்மூத்தின் ஒரே தாளைப் படிக்கட்டும் என்றார். மொத்தம் 2,711 தாள்கள். ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள். 2020 ஜனவரியில் 13-ஆவது சுற்று முடிந்தபோது நியூ ஜெர்சியின் ஒரு கால்பந்து அரங்கில் சுமார் 90,000 பேர் கூடினார்கள். அதே வாரம் எருசலேமில் பெண்கள் தாங்களே நடத்திய நிறைவு விழாவுக்கு 3,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள். பல நூற்றாண்டுகளாகத் தல்மூத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள். விழா முடிந்த கையோடு முதல் தாளிலிருந்து மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆந்திரத்திலேயே தோரா படிப்பவர்கள் இருக்கிறார்கள். குண்டூர் அருகே செப்ரோலை ஒட்டிய கொத்தரெட்டிபாலெம், ஓங்கோல் என்று இரண்டு இடங்களில் சுமார் 50 குடும்பங்கள் 1981-க்குப் பிறகு தங்களை ‘பெனே எப்ராயீம்’ என்று, இஸ்ரவேலின் எப்ராயீம் கோத்திர வழி என்று அறிவித்துக்கொண்டன. தெலுங்கு பேசும் மாதிகா சமூகத்தினர். அதற்கு முன் கிறித்தவர்களாக இருந்தவர்கள். வம்சாவளி உரிமையை ஆராய்ச்சியாளர்கள் ஆயிரம் கேள்வி கேட்கலாம். ஆனால் வயது வந்தவர்கள் உட்கார்ந்து எபிரேய எழுத்தை அ, ஆ போல எழுதிப் பழகியது நிஜம். வேத ஒலி காதில் விழவும் கூடாது என்று ஒதுக்கிவைக்கப்பட்ட வழியில் வந்தவர்கள் ஒரு மறைநூலைத் தங்கள் கையில் எடுத்து, தங்கள் வாயால் படிக்கிறார்கள். அதன் கனம் நம் பக்கத்து மனிதர்களுக்கு விளக்கிச் சொல்லாமலே புரியும்.

நம் பக்கத்தில் இப்படிப் படிப்பே பண்டிகையான நாள் இல்லையா? இருக்கிறது, அதுவும் திருமலையிலேயே. மார்கழி வைகுண்ட ஏகாதசியை ஒட்டி அங்கே 25 நாள் அத்யயன உற்சவம் நடக்கிறது. பகல் பத்துக்குப் பதினொரு நாள், இராப்பத்துக்குப் பத்து நாள், பிறகு கண்ணிநுண் சிறுத்தாம்பு, இராமானுச நூற்றந்தாதி என்று நீண்டு நிறைவுறும். ரங்கநாயகுல மண்டபத்தில் ஜீயர்கள் முன்னிற்க, கோஷ்டியாக நாலாயிரமும் ஓதப்படுகிறது. கேட்பவர் பெருமாள், ஓதப்படுவது தமிழ். தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் தெலுங்கு எழுத்தில் அச்சான பிரபந்தத்தை வைத்துக்கொண்டு ஆழ்வார் தமிழைப் பிசகாமல் சொல்வதைக் கேட்கும்போது, மொழி எல்லையை 1960-இல் கோடு போட்டுப் பிரித்ததெல்லாம் நினைவுக்கே வராது.

இங்கே பாடத்துக்குப் பழைய மரியாதை உண்டு. இராமானுசர் திருவரங்கத்தில் ஆசாரியராக வீற்றிருந்த காலத்திலேயே கீழ்த் திருப்பதிக்கு வந்து, தாய்மாமனான திருமலை நம்பியிடம் ஓராண்டு இராமாயணம் கேட்டார் என்கிறது குருபரம்பரை. இராமாயணம் தெரியாமலா வந்தார்? மணவாள மாமுனிகள் கதை இன்னும் ஒரு படி மேல். 15-ஆம் நூற்றாண்டில் அவர் திருவாய்மொழிக்கு ஈடு உரை சொல்வதைக் கேட்பதற்காக, திருவரங்கத்தில் நம்பெருமாளின் உற்சவங்களையே ஓராண்டு நிறுத்திவைத்தார்கள் என்று வைணவர்கள் உருகிச் சொல்வார்கள். பாடத்துக்காகத் திருவிழாவை நிறுத்திய ஊர்!

ஆவணி அவிட்டமும் இந்த வரிசையில் நின்றிருக்க வேண்டியது. வேதம் படிக்கத் தொடங்கும் நாள் அது. தையில் அந்தப் பாடத்தை முறைப்படி நிறுத்திவைக்க உத்சர்ஜனம் என்று ஒரு சடங்கு இருந்தது. இப்போது பெரும்பாலோருக்கு அது பூணூல் மாற்றும் நாள். அன்று சொல்லும் காமோகார்ஷீத் ஜபமே உத்சர்ஜனம் செய்யாமல் விட்டதற்கான மன்னிப்பு. படிப்பு போய்விட்டது, மன்னிப்பு மட்டும் வருடாவருடம் தவறாமல் நடக்கிறது. இதைச் சொல்வது கேலிக்காக அல்ல, மனம் வலிக்கிறது.

அத்யயன உற்சவத்திலும் ஒரு குறை உண்டு. ஓதுபவர்கள் சிலர், தரிசன வரிசையில் நகர்ந்துபோகும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ஒலி வெறும் பின்னணி. ஷாவுவோத் இரவைப் பார்த்து நாம் பொறாமைப்பட வேண்டிய இடம் இது ஒன்றுதான். அங்கே வந்தவர் எல்லோரும் மாணவர். தெரிந்தவர் தெரியாதவரைக் கேள்வி கேட்கவிட்டு, தானும் திணறுகிறார். எருசலேம் ஆலயம் இடிந்த துக்கத்தை அனுசரிக்கும் ஆப் மாத ஒன்பதாம் நாளில் யூதர்களுக்குத் தோரா படிக்கத் தடை இருக்கிறது. தடைக்குக் காரணம், படிப்பு மனத்துக்குச் சந்தோஷம் தரும் என்பது. துக்க நாளில் இனிப்பு கூடாது என்பதுபோல் படிப்பு கூடாது என்று சொல்லும் அளவுக்கு ஒரு சமூகம் அதை ருசித்திருக்கிறது.

அந்த ருசியை வீட்டுக்குள் கொண்டுவர மார்கழியைவிட நல்ல மாதம் கிடையாது. திருமலையில் அந்த மாதம் சுப்ரபாதத்தின் இடத்தில் திருப்பாவை ஒலிக்கிறது. ஊர் ஊராகத் தேவஸ்தானம் திருப்பாவைச் சொற்பொழிவுக்கும் ஏற்பாடு செய்கிறது. முப்பது பாசுரம், நாளுக்கு ஒன்று. சித்தூரில் தமிழ் பேசியபடி தெலுங்குப் பள்ளியில் படிக்கும் பேத்திக்குத் தமிழ் எழுத்து தெரியாது. தாத்தாவுக்கு எழுத்து தெரியும், பல சொற்களுக்குப் பொருள் தெரியாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் முதல் நாளே அவள் நாலு கேள்வியாவது கேட்பாள். தாத்தா உரைநூலைத் தேடி அலமாரியைத் திறக்க வேண்டியிருக்கும்.