ஊற்றும் விடுதியும்

உடல்நலம் நாடிப் பிறதேசம் செல்லும் வசதி படைத்த ஒருவர் எந்தச் சொகுசு விடுதியைத் தெரிவு செய்தாலென்ன, இதில் அறநெறிக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பணம் அவருடையது, உடலும் அவருடையது. இவர்களுக்கு விடையிறுக்குமுன், எதிர்ப்புறம் நிற்கும் நம்மவர் சிலரையும் நாம் மறுக்க வேண்டியிருக்கிறது. உலகில் பசி உள்ளவரை ஓய்வே குற்றம் என்பது அவர்கள் கட்சி. இது துறவியின் கூற்று, தொழிலாளியின் கூற்றன்று.

கார்ல் மார்க்ஸ் ஈரல் நோயால் வருந்தியபோது, 1874ஆம் ஆண்டில் பொஹீமியாவின் கார்ல்ஸ்பாத் நகருக்குச் சென்றார். இன்று செக் குடியரசில் கார்லோவி வாரி என வழங்குவது அந்நகரே. அடுத்த ஈராண்டுகளிலும் அவர் அங்கு சென்றதுண்டு. முதன்முறை, பொலிசாரின் கண்ணுக்குத் தப்பும் பொருட்டு, சொந்த வருவாயில் வாழும் லண்டன் கனவான் 'சார்ள்ஸ் மார்க்ஸ்' எனப் பதிந்துகொண்டார். அதன் பயனாக நகரசபைக்கு இரட்டிப்பு வரி இறுக்க நேர்ந்தது! மூலதனத்தை ஆராய்ந்த பெருமகன் கனவானுக்குரிய வரியைச் செலுத்தியதை எண்ணி நாம் நகைக்கலாம்; நோய் தீர நீர் பருகியமைக்காக அவரைப் பழிக்க எவராலும் இயலாது.

அந்நகரின் பேரூற்று ஏறத்தாழ 72 பாகை வெப்பத்துடன் 12 மீற்றர் உயரம்வரை பீறிட்டெழுகிறது. 1881இல் நிறைவெய்திய தூண் மண்டபமொன்றினுள் ஐந்து ஊற்றுகள் உள்ளன. பிடியே உறிஞ்சுகுழலாக அமைந்த பீங்கான் கோப்பையுடன் வரும் எவரும் காசின்றிப் பருகலாம். சிறந்த விடுதியில் தங்குபவருக்கென இயற்கை வேறு நீரைச் சுரப்பதில்லை.

அவ்வாறாயின் அங்கு மிகுவிலைக்கு விற்கப்படுவது யாது? மெத்தையும் சலவைக்கல்லும் ஒருபுறமிருக்க, ஏழையின் இருமல் செவியில் விழாது என்னும் உறுதியே முதன்மையான சரக்கு எனலாம். வைத்தியரின் மேற்பார்வையும் முறையான சிகிச்சையும் வேண்டுமென்பார் கோரிக்கை நியாயமானது. ஆனால் விடுதிகளை ஒப்பிட்டு நோக்குவோர் துவாயின் வெண்மையை விசாரிக்கின்றனர். தமது முதுகைப் பிடித்துவிடும் பெண்ணுக்கு எத்தனை மணிநேர வேலை, அவளது முதுகு நொந்தால் சம்பளத்துடன் லீவு உண்டா என்று விசாரிப்பதில்லை. தெரிவு செய்யும் உரிமையுடையவர் இதையும் கேட்டறியக் கடமைப்பட்டவர் என்பதே நமது துணிபு.

ஓய்வு சிலரது தனிச்சொத்தாயிருந்த நிலை தானாக மாறவில்லை. கிரைமியாவில் சார் மன்னரின் லிவாடியா மாளிகை 1925இல் விவசாயிகளின் ஆரோக்கிய நிலையமாயிற்று. 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களின் வலிமையால் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை பெற்றனர். செக்கோஸ்லவாக்கியாவின் ஊற்று நகரங்களும் யுத்தத்தின் பின் அரசுடைமையாயின. (சோவியத் நாட்டிலும் மேலிடத்தாருக்குத் தனி நிலையங்கள் இருந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை, அதுவும் அதே நோய்தான்.) 1989இன் பின்னர் விடுதிகள் பல தனியார் கைக்கு மாறின. எனினும் செக் நாட்டின் பொதுச் சுகாதாரக் காப்புறுதி, வைத்தியர் பரிந்துரைக்கும் நோயாளரை மூன்று, நான்கு வாரங்கள் இத்தகைய ஊற்று நகரங்களுக்கு இன்றும் அனுப்பிவைக்கிறது. அவ்வாறு வந்த நோயாளியும் மாளிகை விடுதியிலிருந்து இறங்கிவந்த செல்வரும் அதே மண்டபத்தில், அதே ஊற்றின் கீழ்க் கோப்பையை நீட்டுகின்றனர்.