வேற்று நெறியார் விதிநூலும் மொழிபெயர்ப்பும்

யூதர் வேதத்தின் முதலைந்து நூல்களும் தமிழில் ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம் என வழங்குகின்றன. பாதிரிமார் நம் சொல்லையே எடுத்து அவற்றிற்குப் பெயராக இட்டனர். காமிகம் முதலாய 28 ஆகமங்களையே அப்பெயரால் அறிந்த சைவர் அவற்றுட் புகின், விளக்கேற்றலும் தூபமும் குருமார்க்குரிய ஆசாரமும் விரித்தோதப்படுதல் கண்டு, பெயர் பொருத்தமே என்றெண்ணுதல் கூடும்.

நல்லூர் ஆறுமுக நாவலர் அவ்வாறு புகுந்தவர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிற் பல்லாண்டு துணைநின்று அந்நூலை நுணுகிப் பயின்றவர். 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், சைவக் கிரியைகளைப் பழித்தோர்க்கு அவர்தம் நூலிலுள்ள கிரியைகளையே எடுத்துக்காட்டி விடையிறுத்தார். எதிரி உடன்பட்ட பிரமாணங்கொண்டே எதிரியை மறுத்தல் தருக்க நெறிக்கு இழுக்கன்று.

ஆயினும் ஓர் ஐயம் எம்முள்ளத்தை நெடுநாள் அலைத்தது. அவ்வழக்கில் வாதி கிறித்தவர், பிரதிவாதி சைவர், சான்றாக நின்ற நூலோ யூதருடையது. அந்நூற்குரியாரை அவர் கருத்து யாதென இருதிறத்தாரும் வினவினாரல்லர். 'பழைய ஏற்பாடு' என்னும் பெயரும் பிறர் இட்டதே. யூதர்க்கு அது பழையதன்று. அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்திற் பிறர்மதத்தை முதற்கண் நிறுவிய பின்னரன்றோ மறுத்தார்?

இதுபற்றியே, யூதப் பெரியோர் தம் விதிகளைத் தாமே கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுத்த மிஷ்னா என்னும் நூலைக் கேட்கப் புகுந்தோம். எபிரேயம் யாம் அறியோம், ஆங்கிலமும் அறியோம். டான்பி என்பார் 1933-இல் வெளியிட்ட ஆங்கிலப் பெயர்ப்பை, மதுரையில் எம்மிடம் சித்தியார் பாடங் கேட்கும் மாணாக்கர் ஒருவர் மாலைதோறும் தமிழாக்கிச் சொல்லக் கேட்டோம். (டான்பியும் கிறித்தவ குருவே, ஆயினும் மறுத்தற்பொருட்டுப் பெயர்த்தாரல்லர்.)

ஒருநாள், வேதநூலைத் தொட்ட கை அசுத்தமாம் என்றார் மாணாக்கர். திடுக்கிட்டோம். மேலே படிக்கவே விளங்கிற்று. பிற நூல்களைத் தொடின் அக்குற்றமில்லையாம்; வேதத்திற்கே உண்டாம். ஏனெனின், அருமைக்குத் தக்கதே தீட்டு. தாய்தந்தையர் எலும்பை எவனும் அகப்பையாக்கிவிடாமைப் பொருட்டு அதற்குத் தீட்டு விதித்தாற்போல, வேதத்திற்கும் விதித்தனர். 'அசுத்தம்' என்னும் சொல் இப்பொருளைக் கெடுத்தது. 'தீட்டு' என்பது ஓரளவு தாங்கிற்று. அதுவும் முழுதும் தாங்கிற்றென்று சொல்லத் துணியோம்.

'பலி' என்பதும் இத்தகையதே. அதற்கு நேரான எபிரேயச் சொல் 'கொர்பான்'. அணுகுதல் என்னும் பொருளுடைய பகுதியிற் பிறந்தது. இதனைக் கேட்டவுடன், கிரியையின் பயன் சாமீபம் என்னும் நம் சித்தாந்தம் நினைவில் எழ, எமக்குண்டான மகிழ்ச்சியை மறைத்தல் வேண்டா. அன்றிரவே அம்மகிழ்ச்சி எமக்கு அச்சமுமாயிற்று. பிறர் நூலில் நம் முகத்தையே கண்டு களிப்பதாயின், நாம் பிறரைக் கேட்டதாகுமோ? அவர்க்கு முப்பொருள் இல்லை, ஆணவமலம் இல்லை, அணுகுவோன் யார், அணுகப்படுவோன் யார் என்பது அவர் நெறியில் வேறு.

பின்னர்த் 'தாமீத்' என்னும் பகுதி வந்தது. நாடோறும் கோயிலில் வைகறை தொடங்கிக் குருமார் ஆற்றும் தொண்டினை, பீடத்துச் சாம்பலை அள்ளுதல் உட்பட, முறைபிறழாது கூறுவது. எருசலேம் கோயிலை உரோமர் அழித்தது கி.பி. 70-இல். நூல் தொகுத்தது அதற்கு ஏறக்குறைய 130 ஆண்டின் பின்னர். "இல்லாத கோயிலின் பூசைக்கு விதி எதற்கு?" என்றார் மாணாக்கர்.

யாம் உடனே விடை கூறவில்லை. 1311-இல் மாலிக்காபூர் படை மதுரைக்கு வந்ததும், பின்னர்ச் சுல்தான்கள் ஆட்சியில் ஆலவாய்க் கோயிலிற் பூசை 48 ஆண்டு நின்றதென்று தலவரலாறு கூறுவதும் நினைவுக்கு வந்தன. அவ்வாண்டுகளில் விதியை நினைவிற் காத்தவர் எவரோ இருந்தனர். அன்றேல் குமார கம்பணர் காலத்தில் மீண்டும் தொடங்கியது எங்ஙனம்?

தாமீத்தை முதலிலிருந்து மறுபடியும், சற்று மெல்லப் படிக்குமாறு அவரிடம் கூறினோம்.