கடித்தது ஓர் எறும்புதானே!



திருமறையில் மூன்று அத்தியாயங்கள் சிற்றுயிர்களின் பெயரால் வழங்குகின்றன. 16ஆவது தேனீ, 27ஆவது எறும்பு, 29ஆவது சிலந்தி. பூமியில் ஊர்வனவும் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அன்ஆம் அத்தியாயம் நமக்கு அறிவிக்கிறது. ஆகவே, "பூச்சிதானே!" என்று அலட்சியமாகப் பேசுவது ஒரு முஃமினுக்கு அழகல்ல.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் கிரந்தங்களிலும் ஒரு சம்பவம் காணப்படுகிறது. முற்காலத்து நபி ஒருவர் ஒரு மரத்தடியில் தங்கினார்கள். அங்கே ஓர் எறும்பு அவர்களைக் கடித்துவிட்டது. உடனே அந்த எறும்புக் கூட்டம் முழுவதையும் எரித்துவிடும்படி உத்தரவிட்டார்கள். கடித்தது ஓர் எறும்பு. அதற்காக, அல்லாஹ்வைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அழிக்கலாமா என்ற கருத்தில் அல்லாஹ்விடமிருந்து கண்டனம் வந்தது. இதை நமக்கு எடுத்துச் சொன்னவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஒரு நபியிடமே இவ்வாறு கேள்வி கேட்கப்பட்டதென்றால் நாம் எம்மாத்திரம்?

நம்மில் அநேகர் கடைக்குப் பின்னாலோ வீட்டு முற்றத்திலோ நாலு மிளகாய்ச் செடி, இரண்டு கத்தரி, ஒரு பந்தல் பயற்றங்காய் வைத்திருக்கிறோம். கொழுந்தில் அசுவினி மொய்த்து இலை சுருண்டதும் மருந்துப் போத்தலைத் தேடுகிறோம். அதற்கு முன் அந்தக் கொழுந்தைச் சற்றே உற்றுப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ ஆன முதுகில் கறுப்புப் புள்ளியோ வளைகோடோ உள்ள, துவரம் பருப்பளவு வண்டு ஒன்று அங்கே ஊர்ந்துகொண்டிருக்கக்கூடும். அதுவே பொறிவண்டு. அதன் உணவு அசுவினி. அதன் குஞ்சோ கறுத்து நீண்டு குட்டி முதலையைப் போல் இருக்கும். அதுவும் அசுவினியைத்தான் தின்கிறது. நாமோ அதன் தோற்றத்தைக் கண்டு, "செடியைக் கெடுக்கும் புழு இதுதான்" என்று நசுக்கிவிடுகிறோம். கூலி வாங்காமல் காவல் காத்தவனைத் திருடன் என்று அடித்துக் கொன்றதற்கு இது சமம் அல்லவா?

பொறிவண்டு யாவும் நல்லவை என்றும் சொல்வதற்கில்லை. 28 புள்ளிகள் உள்ள ஒரு வகை, கத்தரி இலையைச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். அதன் முதுகு பளபளப்பின்றி மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். அதைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவதில் குற்றமில்லை. தீங்கைத் தடுக்க மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் எது தின்கிறது, எது காக்கிறது என்று விசாரித்த பின்னரே கையை ஓங்க வேண்டும்.

விசாரிக்காமல் கொன்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை ஒரு செதிற்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1888ல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவகைப் பொறிவண்டைக் கப்பலில் தருவித்தார்கள். இரண்டொரு வருடங்களில் தோட்டங்கள் பிழைத்தன. பிறகு 1940களின் பிற்பகுதியில் வேறு பூச்சிகளுக்காக டி.டி.டி. தெளித்தார்கள். அந்த வண்டுகள் மாண்டன. பழைய செதிற்பூச்சி திரும்பி வந்தது.

நம் மலேசியச் செம்பனைத் தோட்டங்களும் இதைக் கண்டவையே. இலைத் துணுக்குகளால் பை கட்டி அதற்குள் வாழும் புழு ஒன்று உண்டு. 1950களின் பிற்பகுதியில் கண்டதையெல்லாம் கொல்லும் விஷங்களைத் தெளிக்கத் தெளிக்க, அந்தப் புழு பெருகியதே தவிரக் குறையவில்லை. காரணம், அதைத் தின்று அடக்கி வைத்திருந்த சிற்றுயிர்கள் முதலில் செத்தன. அவ்வகை விஷங்களைக் கைவிட்ட பிறகே நிலைமை சீரடையத் தொடங்கியது.

வியாபாரப் பெருமக்களே! இது தோட்டத்தோடு முடிகிற விஷயமன்று. வேலையாள் ஒருவன் கல்லாவில் கை வைத்தால், "அந்த நாட்டாரே இப்படித்தான்" என்று மற்றவர்களையும் அனுப்பிவிடுகிறோம். ஒருவன் கடனைக் கொடாமல் ஓடிப்போனால், அவன் குடியிருந்த இடத்தார் அனைவருக்கும் பற்று எழுதுவதை நிறுத்துகிறோம். மாதந் தவறாமல் கணக்குத் தீர்த்த ஏழை, பிள்ளைக்குப் பால்மாவு கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்புகிறான். அவன் செய்த குற்றம் என்ன? கடித்தது ஓர் எறும்பு. நாம் எரித்ததோ கூட்டம் முழுவதையும்.

தராசை ஏற்படுத்தியவன் அல்லாஹ் என்று ரஹ்மான் அத்தியாயம் கூறுகிறது. அந்தத் தராசு அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுமா? மனிதரைப் பற்றி நாம் செய்யும் தீர்ப்புக்கும் அதுவே தராசு. ஆகவே, பற்றை நிறுத்துமுன் அவரவர் பெயரில் உள்ள ஏட்டைப் புரட்டிப் பாருங்கள். வேலையாளை விலக்குமுன் அவன் செய்தது இன்னதென்று கேட்டறியுங்கள். பூச்சி மருந்து கேட்டு வரும் வாடிக்கைக்காரரிடம், "எந்தப் பூச்சி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அசுவினி என்றால், தண்ணீரை வேகமாகப் பீச்சினாலே பெரும்பாலும் உதிரும் என்று சொல்லிக் கொடுங்கள். ஒரு போத்தல் விற்பனை குறையலாம், பரக்கத் குறையாது.

குற்றவாளியையும் நிரபராதியையும் பிரித்தறியும் பார்வையையும், கோபம் வந்தபோது கையை அடக்கும் பொறுமையையும் வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.