பேரேட்டில் இல்லாத பெயர்

காரைக்குடியில் ஆராய்ச்சி செய்யும் தோழி ஒருநாள் ஒரு சின்னக் குப்பியைக் காட்டினாள். மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியிலிருந்து எடுத்து, ஐஸ் மேல் வைத்தபடியே காட்டினாள். மனித டி.என்.ஏ. பாலிமரேஸ் பீட்டா. மறுசேர்க்கை முறையில் ஈ.கோலி பாக்டீரியாவில் தயாரித்தது. ஆராய்ச்சிக்கு மட்டும்.

"மனிதன்னு போட்டிருக்கே, எந்த மனுசன்?" விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"அப்படி யாரும் இல்லப்பா. ஜீனை பாக்டீரியாக்குள்ள வச்சா அது செஞ்சு குடுத்துரும்" என்றவள், கொஞ்சம் கழித்து, "முதன்முதல்ல எங்கேருந்து எடுத்தாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல" என்றாள்.

நம் செல்களில் டி.என்.ஏ. தினமும் சேதமாகிறது. கெட்டுப்போன எழுத்தை வேறு நொதிகள் வெட்டி எடுத்ததும், அந்த இடத்தில் சரியான எழுத்தை வைத்து நிரப்புவது இந்த பீட்டா. வெறும் 335 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். 1970களில் அமெரிக்காவில் டேவிட் கார்னின் குழு மனித செல்களிலிருந்து இதைப் பிரித்துச் சுத்தப்படுத்தியபோது, அவர்கள் பயன்படுத்தியவை கே.பி. என்ற செல்கள். 1950களில் யாரோ ஒருவரின் வாய்ப் புற்றிலிருந்து எடுத்தவை என்று அவற்றை நம்பியிருந்தார்கள். பிறகு மரபணுச் சோதனைகளில் தெரிந்தது, அவை ஹீலா செல்கள்.

அதாவது ஹென்ரியெட்டா லாக்ஸின் செல்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயால் 1951 அக்டோபர் 4 அன்று பால்டிமோரில் இறந்த கறுப்பினப் பெண். வயது 31. அவருக்குத் தெரியாமல் எடுத்த செல்கள் இன்றும் உலகெங்கும் வளர்கின்றன. முதலில் அவர் பெயரையே ஹெலன் லேன் என்று மாற்றிச் சொன்னார்கள். கே.பி.யில் அந்தப் பொய்ப் பெயர்கூட இல்லை.

சரி, இந்தக் குப்பி அவருடையதா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். இதே நொதி எனக்குள்ளும் இருக்கு, உங்களுக்குள்ளும் இருக்கு. இப்போது பாக்டீரியாவில் விளைவதில் அவர் உடம்பின் ஓர் அணுவும் இல்லை. ஜான் மூர் வழக்கில் 1990இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும், எடுத்த செல்கள் மேல் நோயாளிக்குச் சொத்துரிமை இல்லை என்றது. ஆனால் தன் ஆராய்ச்சி நோக்கத்தை நோயாளியிடம் சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சொத்து இல்லை என்றால் கடனும் இல்லை என்று ஆகிவிடுமா?

இங்கேதான் எனக்கு ஐயா ஞாபகம் வந்தார். ஒரு செட்டியார் வீட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் ஒதுக்கும் மகமையைப் பற்றிச் சொல்லும்போது, "அதை எடுத்து வச்சுட்டுத்தான்டா லாபத்தையே எண்ணணும்" என்பார். மகமை பெறுபவர் கடைக்குப் பங்காளி இல்லை. ஆனாலும் பேரேட்டில் அவருக்கு ஒரு வரி உண்டு.

கொடையைக் காரைக்குடிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் அடிக்கல், 1953இல் திறப்பு. இன்றும் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் பெயர். அறிந்து கொடுத்தவருக்கு அது நியாயம். அறியாமல் கொடுக்க வைக்கப்பட்டவரைக் கொடையாளி என்று புகழ்வதுகூட ஒரு தந்திரம்தான். அவர் கொடுக்கவில்லை, எடுத்தார்கள். அப்படியென்றால் நாம் வைத்திருப்பது கடன்.

கடனைப் பெயர் மட்டும் அடைக்காது. 2020இல் ஹோவர்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம், தன் ஆய்வகங்கள் ஹீலாவைப் பயன்படுத்தியதற்காக, லாக்ஸ் பெயரிலான அறக்கட்டளைக்குப் பணம் கொடுத்தது. 2023இல் அவர் குடும்பத்துடன் தெர்மோ ஃபிஷர் நிறுவனம் வழக்கில் சமரசம் செய்துகொண்டது. முன்னது தானாக எடுத்து வைத்தது, பின்னது கேட்ட பிறகு கொடுத்தது. மகமைக்கும் வசூலுக்கும் உள்ள வித்தியாசம் அது.

உதவித்தொகையில் படிக்கும் மாணவி எங்கிருந்து பணம் தருவாள்? தரவேண்டியதில்லை. விற்பவர்களின் கணக்கு அது. ஆனால் பேரேட்டில் வரி எழுதுவது அவள் கையில் இருக்கிறது.

போன வாரம் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தை அனுப்பியிருந்தாள். வழிகாட்டி, அம்மா, அப்பா, விடுதித் தோழிகள். கடைசியில் ஒரு வரி காலியாக இருந்தது.

"எப்படி எழுதுறதுன்னு தெரியல. நன்றின்னு போட்டா அவங்க குடுத்த மாதிரி ஆயிரும்ல?" என்று கேட்டிருந்தாள்.

"நன்றி வேணாம், கடன்னு எழுது" என்று பதில் போட்டேன்.