கொடுத்து வைத்த வெங்காயத்தாள்

வெங்காயத்தாள் ஒரு கட்டு வாங்கினால் அதில் பாதிதான் சட்டிக்குப் போகிறது. மீதிப் பாதி ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கு நாள் கிடக்கும். நுனி மஞ்சளாகும், நடுப்பகுதி வழுவழுக்கும், கடைசியில் ஒரு நெடியோடு தான் இருப்பதை நினைவூட்டும். பினாங்கில் சமையல் நடக்கிற எந்த வீட்டுக்கும் இது தெரிந்த கதைதான். மீகூன் பிரட்ட நாலு தாள், முட்டை பொரிக்க ரெண்டு, சூப்பின் மேலே தூவ ஒன்று. அதற்கு மேல் யாருக்கு வேண்டும்? ஆனாலும் கட்டாகத்தான் வாங்குகிறோம். வாங்கிவிட்டு, "எப்படி வச்சா கெடாம இருக்கும்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். இது வெறும் சமையற்கட்டுக் கேள்வியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு பொருளை எவ்வளவு நாள் வைத்திருக்கலாம் என்று கேட்கிறவர், அது எதுவரைக்கும் தன்னுடையது என்ற கேள்வியின் வாசலில்தான் நிற்கிறார்.

முதலில் சமையற்கட்டுக்கே பதில் சொல்லிவிடுவோம். பிடுங்கிய பிறகும் வெங்காயத்தாள் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, வளரவும் பார்க்கிறது. படுக்க வைத்தால் நுனி மெல்ல மேல்நோக்கி வளையும். இருட்டில் கிடந்தாலும் எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியும். அது கெடுவதற்கு இரண்டு வழிகள். ஈரம் வற்றினால் வாடும், ஈரம் தேங்கினால் அழுகும். நாம் செய்கிற உபாயம் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் பிடித்துக் கொடுப்பதுதான். வாங்கி வந்ததும் ரப்பர் பேண்டைக் கழற்ற வேண்டும். இறுகிய இடம்தான் முதலில் நசுங்கி அழுகும். பழுத்த தாளைக் களைய வேண்டும். அப்போதே கழுவக்கூடாது. லேசாக ஈரமான பருத்தித் துணியில் சுற்றி, வாயை முழுக்க மூடாத பையில் போட்டு வைத்தால் பெரும்பாலும் ஒரு வாரம் நிற்கும். நறுக்கி, ஈரம் போக உலர்த்தி, ஐஸ் உறையும் மேல்தட்டில் வைத்தால் மாதக்கணக்கில் வரும். மொறுமொறுப்பு போய்விடும், ஆனால் சூப்புக்கு ஆகும்.

வேரோடு இருந்தால் கண்ணாடி கிளாஸில் இரண்டு விரல் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் நிறுத்தலாம். வெள்ளைப் பகுதியை விட்டு வெட்டினால் மறுபடி துளிர்க்கும். இரண்டு மூன்று முறை வெட்டலாம், ஒவ்வொரு முறையும் மெலிந்துதான் வரும். வெறும் தண்ணீரில் என்ன இருக்கிறது? அடித்தண்டில் தான் சேர்த்து வைத்ததைத்தான் அது செலவழிக்கிறது. அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். வேர் நாறிப்போகும் என்பது ஒரு காரணம், ஏடிஸ் கொசு இன்னொரு காரணம். வீட்டில் கொசுப்புழு வளரவிட்டால் அபராதம் விதிக்க நம் நாட்டில் 1975லிருந்தே சட்டம் இருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், என் ஜன்னலோரக் கிளாஸில் பிறந்த கொசு பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடிக்காது என்று யார் உத்தரவாதம் தருவது? என் வீட்டுக்குள் என் பொருளை நான் வைத்துக்கொள்வது என் சொந்த விஷயம் என்கிற எண்ணம், ஒரு கிளாஸ் தண்ணீரிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது.

சரி, கட்டாக ஏன் வாங்குகிறோம்? என் சின்ன வயதில் அம்மா காய்கறி வாங்கும் கடையில், கீரையும் கத்தரிக்காயும் கட்டி முடித்ததும், "என்னக்கா, வெங்காயத்தாள் ரெண்டு போட்டுடவா?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் பைக்குள் செருகிவிடுவார். அதற்குக் காசு வாங்கமாட்டார். அந்த ரெண்டு தாளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று எங்கள் வீட்டில் யாரும் யோசித்ததில்லை. அன்றைக்கு வந்தது அன்றைக்கே சட்டிக்குப் போனது. கட்டு கடைக்காரரிடம் இருந்தது. அதை வாடாமல் பார்த்துக்கொள்ளும் கவலையும் அவருடையதாக இருந்தது. சௌராஸ்டா சந்தையிலோ ஆயர் ஈத்தாம் சந்தையிலோ பழகிய முகமாக இருந்தால் இன்றைக்கும் ரெண்டு தாள் கேட்டு வாங்கிவிடலாம். பேரங்காடியில் அதைக் கேட்க ஆள் இல்லை. பினாங்கில் 2011 முதல் வாரத்தின் எல்லா நாளும் இலவச பிளாஸ்டிக் பை கிடையாது. ஆனால் கட்டு மட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் எடை போட்டு, விலை ஒட்டித்தான் காத்திருக்கிறது. எவ்வளவு வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அழுகல் மட்டும் நம் வீட்டில் நடக்கிறது, அந்தக் குற்ற உணர்வும் நம் கணக்கில் ஏறுகிறது.

அழுகுவதற்கும் சொந்தம் கொண்டாடுவதற்கும் உள்ள உறவை ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1689இல் வெளிவந்த தன் அரசியல் நூலில் பேசியிருக்கிறார். காட்டில் பழம் பறித்தவனுக்கு அந்தப் பழம் சொந்தம், ஏனென்றால் அதில் அவன் உழைப்பு கலந்திருக்கிறது. ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. கெட்டுப்போவதற்கு முன் எவ்வளவு பயன்படுத்த முடியுமோ அவ்வளவுதான் அவனுடையது. அவன் கையில் அழுகியது அவன் பங்குக்கு மேல் எடுத்தது, அது மற்றவர்களுக்கு உரியது. இங்கேயே நின்றிருந்தால் லாக் நம் ஐஸ்பெட்டிக்குப் பெரிய நீதிபதி ஆகியிருப்பார். அவரோ அடுத்து ஒரு கொல்லைக் கதவைத் திறந்து வைத்தார். தங்கமும் வெள்ளியும் அழுகுவதில்லை. ஆகவே மிஞ்சியதைக் காசாக மாற்றிக்கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம், யாருக்கும் அநியாயம் செய்ததாகாது என்றார். உழப்படாத நிலம் வீண் நிலம் என்றும் அவர் எழுதினார். அமெரிக்கப் பூர்வகுடிகளின் நிலத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த வாதம் பிறகு நன்றாகவே உதவியது.

அந்தப் புத்தகம் வந்து 97 ஆண்டுகள் கழித்து, 1786இல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கினார். காட்டை வெட்ட ஆட்களை உசுப்ப, பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். கதை உண்மையோ பொய்யோ, அழுகாத காசு அழுகும் காட்டுக்குள் பாய்கிற அந்தக் காட்சி எனக்கு லாக்கை ஞாபகப்படுத்தும். நம்மாட்கள் ரிங்கிட்டை இன்றும் வெள்ளி என்றுதான் சொல்கிறோம்.

ஐஸ்பெட்டியும் அதே கொல்லைக் கதவு வழியாக வந்த சாமான்தான் என்று தோன்றுகிறது. பொருள் வாடுகிற வேகம்தான் முன்பு நமக்கு எல்லை போட்டது. "இன்னிக்கே ஆக்கிடு, இல்லேன்னா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்திடு" என்று அது விரட்டியது. குளிர் வந்ததும் அந்த விரட்டல் நின்றது. நின்றது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். காசு உண்மையிலேயே அழுகாது. ஐஸ்பெட்டியோ அழுகலைத் தள்ளிப்போடும், கதவை மூடி நம் கண்ணிலிருந்து மறைக்கவும் செய்யும்.

இதை யாரைப் பார்த்துச் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிற பெண் ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் சந்தைக்குப் போகமுடியும். வாரம் முழுதுக்கும் சேர்த்து வாங்கி வைப்பது அவருக்குப் பேராசையே கிடையாது, அது தூக்கத்துக்குக் கிடைக்கிற ஒரு மணி நேரம். எந்தத் தாள் பழுக்கிறது, எதை முதலில் ஆக்க வேண்டும் என்ற கணக்கையும் அநேகமாக அவர் ஒருவர்தான் மனத்தில் சுமக்கிறார். வீட்டில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள், கெட்டுப்போனால் மட்டும் "பார்த்து வச்சிருக்கக் கூடாதா?" என்ற கேள்வி அவரை நோக்கி வருகிறது. உணவை வீணாக்காதீர்கள் என்று உபதேசிப்பவர்கள் பலரும் இந்தக் கேள்வியைத்தான் கொஞ்சம் நாகரிகமாகத் திருப்பிக் கேட்கிறார்கள். கட்டின் அளவைத் தீர்மானித்தவரிடமும், தட்டில் இருப்பதை ஒதுக்கி வைப்பவரிடமும் யாரும் கேட்பதில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல்லாண்டு வழிநடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ், வாங்குகிறவரை விழிப்பாக இருக்கச் சொன்னார், விற்கிறவரையும் விடாமல் கேள்வி கேட்டார். இந்த விஷயத்திலும் இரண்டுமே வேண்டும்.

விற்கிறவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நாமும் நழுவ முடியாது. 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் ஐந்தில் மூன்று பங்கு வீடுகளிலிருந்து போனது என்றும் ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. இவ்வளவு பெரிய எண்ணை மனம் வாங்காது. பக்கத்திலேயே பார்க்கலாம். தீவில் நாம் கட்டிப் போடும் குப்பை கடல் தாண்டி, பெருநிலத்தில் புலாவ் பூரோங் குப்பை நிலத்துக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்தது. சுற்றுவட்டாரத்தில் குடியிருந்தவர்கள் அந்தப் புகையில் மூச்சுத் திணறினார்கள். லாக் சொன்ன பழம் பறித்தவன் காலடியில் அழுகியது. நம் வெங்காயத்தாள் நம் காலடியில் அழுகுவதுகூட இல்லை. வேறொருவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே போய் அழுகுகிறது.

அப்படியானால் எப்படித்தான் வைப்பது? தமிழில் ஒரு பேச்சு இருக்கிறது. அதிர்ஷ்டசாலியைப் பார்த்து, "கொடுத்து வச்சவங்க" என்கிறோம். எப்போதோ கொடுத்தது இப்போது திரும்ப வந்திருக்கிறது என்று பொருள். முன்பிறவி நம்பிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அந்தச் சொற்சேர்க்கை யோசிக்க வைக்கிறது. பின்னால் உதவட்டும் என்று முன்கூட்டிச் செய்கிற எல்லாவற்றுக்கும் நாம் 'வை' சேர்க்கிறோம். சொல்லி வைக்கிறோம், அரைத்து வைக்கிறோம், எடுத்து வைக்கிறோம். அந்த வரிசையில் கொடுப்பதும் ஒன்றாக நிற்கிறது. கையை விட்டுப் போனதையும் சேமிப்புக் கணக்கில் எழுதிக்கொண்ட மொழி நம்முடையது.

ஆனால் எப்போது கொடுக்கிறோம் என்பது முக்கியம். நுனி மஞ்சளான பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது குப்பையை இடம் மாற்றுவதுதான். தரும் பொருள் தனக்கும் பயன்படுகிற நிலையில் இருக்கும்போது தர வேண்டும். ஆகவே பங்கு பிரிப்பதை வாங்கிய அன்றைக்கே, ரப்பர் பேண்டைக் கழற்றுகிற அந்த நிமிஷத்திலேயே செய்துவிடலாம். இது இந்த வாரத்துக்கு, இது நறுக்கி உறைய வைக்க, இது வேரோடு கிளாஸில், இது பக்கத்து வீட்டுக்கு. நம் அடுக்குமாடி வீடுகளில் சமைத்த உணவு எல்லாக் கதவுகளையும் தாண்டிப் போவதில்லை. ஒரு வீட்டில் மாடு ஆகாது, இன்னொரு வீட்டில் பன்றி ஆகாது. வெங்காயத்தாளுக்கு அந்தத் தடை குறைவு. மலாய்க்கார வீட்டிலும் சீனர் வீட்டிலும் நம் வீட்டிலும் அது வேண்டிய பொருள். அங்கேயும் ஒரு விலக்கு இருக்கிறது. சைவ விரதம் காக்கும் சீன பௌத்தர்கள் வெங்காயம், பூண்டு வகைகளைத் தொடமாட்டார்கள். அது தெரியாமல் நீட்டினால் அவர்களுக்குத்தான் சங்கடம். ரெண்டு தாள் கொடுப்பதற்கும் பக்கத்து வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். ஐஸ்பெட்டிக்கு அந்தச் சிரமம் எதுவும் கிடையாது. யாரையும் தெரிந்துகொள்ளாமலே அதில் வைக்கலாம்.

பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாதவர்கள் இன்று நிறையப் பேர். அவர்களிடம் ஈரத்துணியும் கண்ணாடிக் கிளாஸும் ஒரு வாரத்துக்குப் பதில் சொல்லும். எட்டாம் நாளும் மீதி இருந்தால் துணியை மாற்றிப் பயனில்லை. அது முதல் நாளே வேறொரு வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய பங்கு.