கல்லறை அலங்காரமும் கைக்காசும்



அக்டோபர் மாதம் முடியப்போகிற நாட்களில் பெற்றோர் சிலர் ஒரு கேள்வியோடு சாமியார் வீட்டுப் படி ஏறுகிறார்கள். பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்திலோ, குடியிருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்திலோ 31-ம் தேதி ஹாலோவீன் கொண்டாடுகிறார்களாம். எலும்புக்கூடு வரைந்த உடுப்பு வேண்டும், காகித வௌவால் வேண்டும், பிளாஸ்டிக் மண்டையோடு வேண்டும் என்று பிள்ளை அழுகிறானாம். "இது பாவமா சாமி?" என்பது முதற் கேள்வி. "பண்ணுவதானால் அதிகம் செலவில்லாமல் வீட்டிலேயே எப்படிப் பண்ணலாம்?" என்பது கொஞ்சம் மெல்லிய குரலில் வருகிற இரண்டாவது கேள்வி. இரண்டு நாள் கழித்து, நவம்பர் 2-ம் தேதி, இதே குடும்பங்கள் கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுதிரியும் வாங்கக் கைமாற்றுக் கேட்டு அலைவதையும் நாம் பார்க்கிறோம். ஆகையால் இரண்டையும் சேர்த்தே யோசிப்போம். பிறப்பால் இவை ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

ஹாலோவீன் என்ற இங்கிலீஷ் பேரைப் பிரித்துப் பார்த்தால், 'சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாளுக்கு முந்தின சாயங்காலம்' என்பதுதான் அர்த்தம். 8-ம் நூற்றாண்டில் 3-ம் கிரகோரியார் என்ற பாப்பானவர் ரோமாபுரியில் அர்ச். இராயப்பர் பேராலயத்தில் சகல அர்ச்சியசிஷ்டவர்கள் பேரால் ஒரு சிறு கோவிலை நேர்ந்தளித்தார். அதற்கடுத்த நூற்றாண்டில் நவம்பர் 1-ம் தேதித் திருநாள் மேற்றிசை நாடுகளில் பரவியது. 998-ம் ஆண்டுவாக்கில் குளூனி மடத்து அதிபரான அர்ச். ஓதிலோ, மறுநாளை மரித்த விசுவாசிகள் எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்ளும் நாளாகத் தம்முடைய மடங்களுக்கு ஏற்படுத்தினார். அயர்லாந்து தேசத்து ஏழைக் குடியானவர்கள் அந்தச் சாயங்காலத்தில் கிழங்கைக் குடைந்து, முகம் செதுக்கி, உள்ளே விளக்கேற்றினார்கள். 19-ம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது, அங்கே பெரிதாகவும் குடைவதற்கு மெதுவாகவும் கிடைத்த காய் நம்முடைய அரசாணிக்காயின் இனம். ஆக, இன்று பெரிய கடைகளில் விலை போட்டுத் தொங்கவிட்டிருக்கிற இந்த அலங்காரம், வயலில் அகப்பட்டதைக் கொண்டு ஏழைகள் கையால் செய்ததாகத்தான் ஆரம்பித்தது. 'குறைந்த செலவில் எப்படி?' என்று கேட்கிற தாய்மார் வெட்கப்பட வேண்டியதில்லை.

பாவமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆறு வயதுப் பிள்ளை எலும்புக்கூடு உடுப்புப் போட்டுக்கொண்டு மிட்டாய் வாங்கினால் மோட்சத்தின் கதவு அடைபட்டுவிடாது. பூசணிக்காயில் கோரமான முகம் எழுதிப் புது வீட்டு வாசலில் கட்டுகிற ஊரில் இருந்துகொண்டு, செதுக்கிய காயைக் கண்டு நாம் திடுக்கிடுவதும் கொஞ்சம் வேடிக்கையே. என் விசனம் வேறு. இறந்தவர் என்றால் பல்லை இளித்துக்கொண்டு பயமுறுத்த வருகிற ஒருவர் என்று பிள்ளை படித்துக்கொள்கிறான். பிறகு அவனைக் கல்லறைக்குக் கூட்டிப்போனால், அப்பாயி அடங்கியிருக்கிற இடத்தில் நிற்க அஞ்சுகிறான். அவனைத் தோளில் தூக்கிக் கோவிலுக்குக் கொண்டுவந்தவள் அவள். உத்தரிக்கிற ஸ்தலத்தில் நம்முடைய வேண்டுதலை எதிர்பார்த்திருப்பவளும் அவளே. அவளைப் பேயாக்கிக் காட்டுகிற அலங்காரம், ஒரு காசு செலவில்லாமல் செய்தாலும் விலை அதிகம்.

அப்படியானால் கல்லறையை அலங்கரிப்பது மட்டும் எதற்காக? மண்ணுக்குள்ளே இருக்கிறவர்கள் செண்டுமல்லியைக் காண்பார்களா? இந்தக் கேள்வி நமக்கு முன்னே பெரியவர்கள் கேட்டது. சுமார் 421-ம் ஆண்டில் நோலா நகரத்து மேற்றிராணியாரான பௌலினுஸ் என்பவர் அர்ச். அகுஸ்தீனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஒரு தாய் தன் மகனுடைய சரீரம் அர்ச். பெலிக்ஸ் என்பவருடைய கோவிலிலே அடக்கமாக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதனால் மகனுடைய ஆத்துமத்துக்கு யாதொரு பிரயோசனம் உண்டா என்பதே கடிதத்தின் சாரம். அகுஸ்தீன் ஒரு சிறு நூலாகவே பதில் எழுதினார். அடக்கச் சடங்கின் சிறப்பும் கல்லறையின் அலங்காரமும் உயிரோடிருக்கிறவர்களுக்கு ஆறுதலேயொழிய மரித்தவர்களுக்கு உதவியல்ல என்று அவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லுகிறார். அதற்காக அவற்றை அலட்சியம் பண்ணவும் அவர் விடவில்லை. தகப்பன் போட்டிருந்த மோதிரத்தையும் உடுத்தியிருந்த வஸ்திரத்தையும் பிள்ளைகள் அருமையாய் வைத்திருக்கிறார்களே. அவனுடைய சரீரம் அவற்றைவிட நெருங்கியதல்லவா என்கிறார். கல்லறைக்கு லத்தீன் பாஷையில் உள்ள பேரே, மனதுக்கு ஞாபகப்படுத்துகிறது என்ற பொருளிலிருந்து வந்ததென்றும் விளக்குகிறார். அந்த இடத்தைப் பார்த்தவுடன் நினைவு எழும். நினைவு எழுந்தால் செபம் எழும். செபம் ஆத்துமத்துக்குப் போய்ச் சேரும். பூவுக்கும் சுண்ணாம்புக்கும் உள்ள வேலை இவ்வளவுதான். ஆனால் இது சின்ன வேலை இல்லை.

அகுஸ்தீன் இதைத் தம்முடைய தாயாரிடத்தில் கற்றார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அர்ச். மோனிக்கம்மாள் ஆப்பிரிக்காவில் இருந்த காலத்தில் வேதசாட்சிகளுடைய கல்லறைகளுக்குக் கூழும் அப்பமும் திராட்ச இரசமும் எடுத்துப்போவது வழக்கம். மிலான் பட்டணத்திலும் அப்படியே கூடையும் கையுமாகப் போனபோது வாசற்காவலன் தடுத்துவிட்டான். சிலர் கல்லறையிலே குடித்து வெறிப்பதையும், அஞ்ஞானிகளுடைய சடங்குபோல் அது ஆகிவிட்டதையும் கண்டு, மேற்றிராணியாரான அர்ச். அம்புரோஸ் அதை விலக்கியிருந்தார். அந்த அம்மாள் சண்டை போடவில்லை. கூடையைத் திருப்பிக் கொண்டுபோய், அதிலிருந்ததைத் தன்னால் இயன்றமட்டும் ஏழைகளுக்குக் கொடுத்தாள். கல்லறைக்குச் செபத்தை மாத்திரம் எடுத்துப்போனாள். 387-ம் ஆண்டு ஓஸ்தியா துறைமுகத்தில், சொந்த ஊரை விட்டு வெகுதூரத்தில் அவள் சாகக் கிடந்தாள். ஊரிலே கணவன் பக்கத்தில் ஒரு கல்லறையை ஆயத்தப்படுத்தி வைத்திருந்தவள் அவள். ஆனாலும் இந்தச் சரீரத்தை எங்கே வேண்டுமானாலும் புதையுங்கள், பீடத்தண்டையில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மாத்திரம் மக்களிடம் கேட்டுக்கொண்டாள்.

அப்படியென்றால் செலவு செய்வதே வீண் என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். அர்ச். அருளப்பர் சுவிசேஷத்தில் பெத்தானியா ஊர் மரியாள், விலையேறப்பெற்ற பரிமளத் தைலத்தைச் சேசுநாதருடைய பாதங்களில் ஊற்றினாள். முந்நூறு தெனாரியத்துக்கு விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்றான் யூதாஸ். தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாட் சம்பளம். அப்படியானால் ஏறக்குறைய ஒரு வருஷத்துக் கூலி அங்கே வழிந்தோடியது! சிக்கனத்தைப் பற்றி அன்றைக்கு மிக ஒழுங்காகப் பேசினவன் யூதாஸ்தான் என்பதை நாம் மறக்கக்கூடாது. தம்முடைய அடக்கத்தின் நாளுக்காக அவள் செய்தாள் என்று கர்த்தர் அவளுக்குப் பரிந்து பேசினார். ஆதலால் கல்யாணத்துக்கு மண்டபமும் மேளமும் குளிர்சாதனமும் குறைவில்லாமல் ஏற்பாடு பண்ணிவிட்டு, தாயின் கல்லறையண்டை வந்தவுடன் எளிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவரை நான் சிக்கனக்காரர் என்று சொல்லமாட்டேன். அதற்குக் கொங்கு நாட்டில் வேறு பேர் இருக்கிறது.

மரியாள் தன்னிடம் இருந்ததை ஊற்றினாள். கோவில் காணிக்கைப் பெட்டியில் இரண்டு செப்புக்காசு போட்ட கைம்பெண்ணும் தன்னிடம் இருந்ததையே போட்டாள். பக்கத்தில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நம்முடைய கல்லறைத் தோட்டத்தில் கெடுதல் உண்டாவது இந்தத் திரும்பிப் பார்ப்பதினாலேதான். பக்கத்துக் கல்லறைக்குக் கிரானைட் பதித்துவிட்டார்கள் என்று நாமும் வட்டிக்கு வாங்குகிறோம். அங்கே சரவிளக்குப் போட்டிருக்கிறார்கள் என்று இங்கேயும் போடுகிறோம். நன்மரணம் அடைந்த கிழவர், அவருக்காக வட்டி கட்டி மூச்சுத் திணறுகிற மகனைப் பார்த்து மகிழ்வாரா?

நம் பக்கத்துக் கிராமங்களில் தைப்பொங்கலுக்கு முதல்நாள் காப்புக் கட்டுகிற வழக்கத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டிக் கூரையிலே செருகுகிறார்கள். பண்ணையார் வீட்டிலும் அதே காப்பு; பண்ணையத்தாள் குடிசையிலும் அதே காப்பு. பட்டணத்தில் அதையும் கட்டுக்கட்டாய் விற்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றாலும், வேலியோரம் போனால் சும்மா கிடைக்கும். ஏழையை வெட்கப்படுத்தாத அலங்காரம் அது. கல்லறைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்பது என் ஆசை.

கையால் செய்வது ஏன் உயர்ந்தது என்றால், அதற்கு நேரம் பிடிக்கிறது. போனிலே சொல்லி மலர்வளையம் வரவழைத்தால் நினைவு ஒரு நிமிஷம் நிற்கும். தேங்காய் நாரைக் கொண்டு பாசியைத் தேய்க்க உட்கார்ந்தால் அரைநாள் போகும். அந்த அரைநாளில் தகப்பன் தன் தகப்பனைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மில்லுக்கு எத்தனை மணிக்குப் போவார், சம்பள நாளில் என்ன வாங்கி வருவார், எந்தப் பாட்டைத் தப்பாகப் பாடுவார் என்றெல்லாம் பிள்ளை அங்கேதான் கேட்கிறான். இருந்தாலும் முழங்கால் மடங்காத முதியவர்களும், துபாயிலும் குவைத்திலும் உழைக்கிற பிள்ளைகளும் பணம் அனுப்பித்தான் செய்யமுடியும். அவர்களுடைய பூ குறைந்த பூ என்று யாரும் நினைக்க வேண்டாம்.

எல்லாரும் வீட்டிலேயே செய்துகொண்டால் பூக்கார அம்மாள் என்ன செய்வாள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, அவளும் நமக்கு அயலாள். பூவை அவளிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். விட்டுவிட வேண்டியவை தெர்மோகோல் சிலுவையும் பிளாஸ்டிக் வளையமும். அவை மழையில் நனைந்து அடுத்த வருஷம்வரை அங்கேயே கிடக்கும். செண்டுமல்லிக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. அது மெக்சிக்கோ தேசத்துச் செடி. அந்த தேசத்து மக்கள் இதே நவம்பர் 1, 2-ம் தேதிகளில் இதே பூவைக் கல்லறையிலும் வீட்டுப் பீடத்திலும் பரப்பி, வண்ணக் காகிதத்தை அழகாய் வெட்டித் தொங்கவிட்டு, மரித்தோரை நினைக்கிறார்கள். 2008-ம் ஆண்டில் யுனெஸ்கோ அந்த வழக்கத்தைத் தன் பட்டியலில் சேர்த்தது. அங்கே பிள்ளைகள் இறந்தவர்களைக் கண்டு ஓடுவதில்லை.

இனி, கேட்டவர்களுக்காக வேலை விவரம். கல் சுண்ணாம்பை முதல்நாளே பெரியவர்கள் நீற்றி வைக்கவேண்டும். கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளுடைய கண்ணுக்கு ஆகாது. துணியில் வடிகட்டி, கொஞ்சம் கஞ்சித் தண்ணீரும் ஒரு சிட்டிகை நீலமும் சேர்த்தால் வெள்ளை பளிச்சென்று நிற்கும். ஐப்பசி மழை எப்போது வருமென்று சொல்ல முடியாது. ஆகையால் நாலு நாள் முன்னதாகவே, வெயில் கண்ட நேரத்தில் அடித்துவிடுங்கள். வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டி நடுவில் குழித்தால் மெழுகுதிரித் தண்டு ஆயிற்று. கொட்டாங்குச்சியில் எண்ணெய் விட்டுத் திரி போட்டால் விளக்கு. காற்று அணைக்காதபடி கூண்டு வேண்டுமானால், தென்னை ஈர்க்கை வளைத்துக் கட்டி, மைதாப் பசையால் காகிதம் ஒட்டினால் போதும். மேலே வாய் அகலமாயிருக்கட்டும், இல்லாவிட்டால் காகிதம் பற்றிக்கொள்ளும். உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் கழித்துப் போடுகிற காகிதமே தாராளம். கூண்டில் பேய்முகத்துக்குப் பதிலாகத் தாத்தா பாட்டியின் ஞானஸ்நானப் பேரைப் பிள்ளையே எழுதட்டும். அரசாணிக்காயைக் குடைந்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு ஒரு காய் கொடுங்கள். சதையைப் பொரியல் பண்ணிவிட வேண்டும், வீணாக்கக் கூடாது.

31-ம் தேதி மாலைப் பூசைக்குப் பின் கோவில் வளாகத்தில் பிள்ளைகள் கூண்டு செய்வார்கள். ஈர்க்கும் பழைய காகிதமும் வீட்டிலிருந்து கொண்டுவரலாம். பசை இங்கே காய்ச்சி வைத்திருப்போம். ஆளுக்கு இரண்டு கூண்டு செய்யட்டும். ஒன்று அவர்கள் வீட்டாருக்கு. மற்றொன்று தோட்டத்தின் பின்வரிசையில், வருவதற்கு ஆளில்லாமல் புல் மூடிக் கிடக்கிற கல்லறைகளுக்கு. அங்கே பேர் அழிந்திருந்தால் கூண்டை வெறுமையாகவே வைக்கலாம். நவம்பர் 1 முதல் 8 வரை தோட்டத்தைச் சந்தித்து மரித்தோருக்காக வேண்டிக்கொள்ளுகிறவர்கள், பாவசங்கீர்த்தனம், நற்கருணை, பாப்பானவருடைய கருத்துக்குச் செபம் ஆகியவற்றோடு, அந்த ஆத்துமங்களுக்காகப் பரிபூரண பலனைப் பெறலாம் என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள். தீப்பெட்டி பெரியவர்கள் கையில் இருக்கட்டும்.