குறைந்த வாடகையும் குறையாத உரிமையும்

உணவு, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒருங்கே சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். எனினும் இம்மூன்றனுள் உறையுள் ஏனைய இரண்டினின்றும் வேறுபட்ட இயல்புடையது. உணவு கொடுத்தவர் கொடுத்த அளவிலே விலகிக்கொள்ளலாம். உடை கொடுத்தவரும் அவ்வாறே. வாடகைக்கு வீடு கொடுத்தவர் அங்ஙனம் விலகிவிட இயலாது. கூரை ஒழுகும், குழாய் அடைத்துக்கொள்ளும், சுவர் வெடிக்கும். வீடு நிற்கும் காலமெல்லாம் கொடுத்தவர்க்கும் குடியிருப்பவர்க்கும் இடையே ஓர் உறவு நின்றுகொண்டேயிருக்கும். அவ்வுறவில் கொடுத்தவர் அரசாகவும், குடியிருப்பவர் அன்றாடக் கூலியால் வாழ்பவராகவும் இருந்துவிட்டால், இருவர்க்கும் இடையே நியாயம் நிலைபெறுவது எங்ஙனம்? சிறு வாடகை கொடுப்பவர்க்குக் கேள்வி கேட்கும் உரிமையும் சிறியதுதானா? வாசக அன்பர்களோடு நாம் எண்ணிப்பார்க்க விரும்புவது இதுவே.

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று தொடரும் நமது பள்ளத்தாக்கு, முல்லைப் பெரியாற்று நீரால் நெல்லும் திராட்சையும் விளையும் செழுநிலம். ஆயினும் நிலம் உடையவர் சிலர். நிலத்தில் இறங்கி உழைப்பவர் பலர். தேனியின் பஞ்சாலைகளையும் சந்தையையும் நம்பி வாழ்வோர், ஆண்டிபட்டிப் பக்கத்துக் கைத்தறியாளர், வைகறையில் ஜீப்பில் ஏறிக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குச் சென்று மாலையில் திரும்பும் பெண்கள் ஆகியோருள் சொந்த வீடு இல்லாதவர் மிகப் பலர். இவர்களுள் கையில் ஒரு தொகை திரட்ட முடிந்தவர் ஒத்திக்கு வீடு பிடிப்பர். மொத்தமாகப் பணம் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிந்ததும் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவது ஒத்தி. அதற்கும் வழியற்றோர் லைன் வீடுகளில் மாத வாடகைக்கு இருப்பர். வாடகைக்கு ரசீது கேட்கும் வழக்கம் அங்கே இல்லை. கேட்டவர் மறுமாதம் அங்கே இருப்பதும் அரிது.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், வருகைப் பதிவேட்டைக் குழந்தையின் வாழ்க்கைக் குறிப்பாகப் படிக்கப் பழகவேண்டும் என்று நமக்குப் பயிற்றுவித்தோர் கூறுவர். அவர்கள் கூறியதன் பொருள் பின்னாளில்தான் நமக்கு விளங்கியது. ஆண்டின் நடுவே மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் செல்லும் பிள்ளைகளுக்குக் காரணம் எழுதும் இடத்தில் 'குடும்பம் இடம்பெயர்வு' என்று எழுதிவிடுவோம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னது, கூட்டிக் கேட்ட வாடகையைக் கொடுக்க இயலாதது, தண்ணீர்க் குழாயடியில் எழுந்த சச்சரவு எல்லாம் அவ்விரு சொற்களுள் அடங்கிக் கிடக்கும். ஓராண்டில் மூன்று பள்ளிகளைக் கண்ட பிள்ளை, வாய்ப்பாட்டை மும்முறை தொடங்கி ஒருமுறையும் முடிப்பதில்லை. ஆதலின் வாடகை வீட்டின் உறுதிப்பாடு என்பது பெரியோர்க்கு மட்டும் உரிய பொருளன்று.

இத்தகையோர்க்கு அரசு வீடு கட்டித் தரவேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் 1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியமாக உருப்பெற்றது. 1971இல் குடிசைப் பகுதிகளுக்கான சட்டமும் வந்தது. தொடக்கத்தில் சென்னையில் எழுந்த அடுக்குமாடிகள் பெரும்பாலும் வாடகைக் குடியிருப்புகளே. பின்னர் தவணை முறையில் வீட்டைச் சொந்தமாக்கும் திட்டம் வந்தது. அண்மைக் காலத்தில், பயனாளி தம் பங்குத்தொகையைச் செலுத்தி ஒதுக்கீடு பெறும் முறை மிகுந்துவிட்டது. 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. நம் மாவட்டத்திலும் தேனியை அடுத்த வடவீரநாயக்கன்பட்டி முதலிய இடங்களில் வாரியத்தின் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன. சொந்த வீடு பெறுவோரைக் கண்டு நாம் மகிழவே செய்கிறோம். ஆயினும் பங்குத்தொகையைப் புரட்ட முடியாத ஏழை லைன் வீட்டிலேயே நின்றுவிடுகிறாள். ஒத்திப் பணம் இல்லாமையால் முன்பு தனியார் வீட்டு வாயிலில் நின்றவள், இன்று அரசின் வாயிலிலும் அதே காரணத்தால் நிற்கிறாள்.

வாடகை வீட்டின் தேவையை நடுவண் அரசு உணராமலில்லை. 2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில் நகரத்து வாடகை கொடுக்க வழியின்றிக் கால்நடையாக ஊர் திரும்பிய தொழிலாளரைக் கண்டபின், அவ்வாண்டு ஜூலையில் மலிவு வாடகைக் குடியிருப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டது. முன்னரே பொதுப்பணத்தில் கட்டி ஆளின்றிப் பூட்டிக்கிடந்த வீடுகள் நாடு முழுவதும் 75,000க்கும் மேல் இருந்தன. அவற்றை வாடகைக்கு விடுவதே அத்திட்டத்தின் ஒரு பகுதி. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் உண்மையாக வாடகை வீடாக மாறியவை சில ஆயிரமே. ஒருபுறம் வீடில்லாத மக்கள். மறுபுறம் மக்கள் இல்லாத வீடுகள். கட்டுவதற்கு உள்ள ஆர்வம் நடத்துவதற்கு இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கி, நில உரிமையாளர் வாடகைதாரர் உரிமைகள் பொறுப்புகள் பற்றிய புதிய சட்டம் 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. தண்ணீர், மின்சாரம் முதலியவற்றைத் துண்டிக்கலாகாது. இன்ன பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, இன்னது குடியிருப்பவர் பொறுப்பு என்றெல்லாம் அச்சட்டம் பிரித்துரைக்கிறது. வீட்டுக்காரர் தம் பங்குப் பழுதைப் பார்க்கவில்லையெனில், குடியிருப்பவரே பார்த்துக்கொண்டு வாடகையில் கழிக்கவும் வழியுண்டு. நல்ல விதிகளே. ஆனால் அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் வாரியம் போன்ற சட்டமுறை அமைப்புகளுக்கும் சொந்தமான கட்டடங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று அதன் தொடக்கத்திலேயே விலக்கு எழுதப்பட்டிருக்கிறது! தனியார் வீட்டுக்காரர்க்கு நெறி வகுத்த அரசு, தான் வீட்டுக்காரராகும்போது அந்நெறிக்குப் புறத்தே நின்றுகொண்டது. அரசு வீட்டைத் தனியார் வீட்டைப் போலவே நடத்திவிட முடியாது, ஒதுக்கீட்டுக்குத் தனி விதிகள் வேண்டும் என்று விடை கூறலாம். அதனை நாம் மறுக்கவில்லை. பழுது பார்க்கும் கடமையிலிருந்தும் விலக்கு ஏன் என்பதே நம் வினா.

இதற்கு வேர் சட்டத்தில் இல்லை, மனத்தில் இருக்கிறது என்பது நம் கருத்து. அரசு தரும் வீட்டை நாம் தானம் என்று எண்ணிவிட்டோம். கொடுப்பவரும் அவ்வாறே எண்ணுகிறார். பெறுபவரும் அவ்வாறே எண்ணப் பழகிவிட்டார். தானம் பெற்றவர் குறை கூறினால் நன்றி கெட்டவர் ஆகிவிடுகிறார் அன்றோ?

தானத்தைப் பற்றி நம் முன்னோர் அறிந்திராதவர் அல்லர். உணவு, மருந்து, கல்வி என்பனவற்றோடு அபயத்தையும் சேர்த்துத் தானம் நான்கு என வகுத்தனர். அபயமாவது அச்சமின்மை. எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்று அஞ்சிக்கொண்டே ஒருவர் இருக்கும் இடம் கூரையுடையதாயினும் அபயம் ஆகாது. மதுரையை அடுத்த மாங்குளத்தில் ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட கல்வெட்டு ஒன்று, நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி துறவியர்க்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியைக் கூறுகிறது. கொடுத்தவன் பெயரோடு, பெற்றுக்கொண்ட கணிநந்தன் என்னும் துறவியின் பெயரும் அக்கல்லிலேயே பொறிக்கப்பட்டுள்ளது. நமது உத்தமபாளையத்துத் திருக்குணகிரிப் பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே அவற்றைச் செய்வித்தோர் பெயர்களை வட்டெழுத்தில் காண்போர்க்கும், கொடையைக் கல்லில் எழுதிவைக்கும் பழமை புதிதன்று. இக்காலத்து அரசுக் குடியிருப்புகளின் முகப்பிலும் கல் உண்டு, திறந்து வைத்தவர் பெயர் உண்டு, நாளும் உண்டு. இக்கட்டடத்தின் பழுதுக்குப் பொறுப்பான அலுவலர் யார், அவரை எங்கே காணலாம், எத்தனை நாளுக்குள் விடை வரும் என்பன அக்கல்லில் இருப்பதில்லை.

கவனிக்காமல் விடுவது ஒரு தீங்காகுமா என்று சிலர் ஐயுறலாம். இன்று நாம் பாராட்டுச் சொல்லாக வழங்கும் 'பிரமாதம்' என்பதற்கு வடமொழியில் கவனமின்மை என்பதே பொருள். (சொற்கள் எப்படியெல்லாம் திசைமாறிப் போகின்றன!) அப்பிரமாதத்தையே இம்சையின் வேராக ஆருகத நூல்கள் காட்டும். கையோங்கி அடிப்பது மட்டுமன்று, பார்க்கவேண்டியதைப் பாராதிருப்பதும் உயிர்க்கு ஊறு செய்யும் என்பது அதன் கருத்து.

இது வெறும் தத்துவம் அன்று. இங்கிலாந்தில் பழைமையான பொது வாடகை வீட்டு முறை உண்டு. இலண்டனில் மாநகர்ப் பகுதி மன்றத்துக்குச் சொந்தமான கிரென்ஃபெல் என்னும் 24 மாடிக் குடியிருப்பு 2017 ஜூன் 14 அன்று தீப்பற்றியதில் 72 பேர் மாண்டனர். ஆபத்து நேரும் என்று குடியிருப்போர் குழு ஒன்று முன்னரே எழுதி எச்சரித்திருந்தது. அதே நாட்டில் ரோச்டேல் என்னும் ஊரில், குறைந்த வாடகை வீட்டுச் சுவரில் படர்ந்த பூஞ்சணத்தால் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று 2020இல் இறந்தது. பெற்றோர் முறையிடாமல் இருந்தாரல்லர். அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் சட்டப்பகுதி 2023இல் இயற்றப்பட்டு, 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. உயிர்க்கு உடனடி ஆபத்தெனில் 24 மணி நேரத்துக்குள் செயலாற்ற வேண்டும் என்பது அதன் விதி. முறையீட்டுக்கு ஒரு கெடு வேண்டும் என்பதை அறிய அந்நாட்டுக்கு இத்தனை உயிர்கள் தேவைப்பட்டன.

நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டில், சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பூங்காப் புதுக் குடியிருப்பில் தொட்டால் சுவர்ப்பூச்சு உதிர்ந்த காட்சி ஊடகங்களில் வெளியாகிப் பெரும் பேச்சாயிற்று, ஐ.ஐ.டி. வல்லுநர் வந்து ஆய்ந்தனர். நல்லவேளையாக அங்கு உயிர்ச்சேதம் இல்லை.

குடியிருப்போர் மீதும் குறை உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. வாடகையோ பராமரிப்புத் தொகையோ செலுத்தாமல் ஆண்டுக்கணக்கில் விடுவோர் உளர். ஒதுக்கீடு பெற்ற வீட்டைப் பிறர்க்கு உள்வாடகைக்கு விட்டுப் பணம் பெறுவோரும் உளர். தேர்தல் நெருங்கினால் நிலுவை தள்ளுபடியாகும் என்ற எதிர்பார்ப்பும் வளர்க்கப்படுகிறது. தள்ளுபடியை ஏழையின் மீதுள்ள இரக்கம் என்று பலர் போற்றுவர். நாம் அதனை ஏற்பதற்கில்லை. வாடகை எளியவர் தாங்கும் அளவினதாக இருக்கட்டும், மாதம் சில நூறு ரூபாயே ஆகட்டும். ஆனால் அது கேட்டுப் பெறப்படவேண்டும். அதற்கு ரசீது கொடுக்கப்படவேண்டும். லைன் வீட்டில் அவளுக்கு என்றும் கிட்டாத அந்த ரசீதே, அரசு வீட்டில் அவள் கேள்வி கேட்பதற்கான சான்று. வாடகையைத் தள்ளுபடி செய்பவர், அக்கேள்வியையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்.

ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகராட்சி இதில் நமக்கு ஒரு பாடமாக நிற்கிறது. அந்நகராட்சிக்குச் சொந்தமாகச் சுமார் 2,20,000 வாடகை வீடுகள் உள்ளன. நகர மக்களுள் ஏறக்குறைய நாலில் ஒருவர் அவற்றில் வாழ்கிறார். 1930இல் திறக்கப்பட்ட குடியிருப்பில் இன்றும் மக்கள் வசிக்கின்றனர். வாடகை ஒழுங்காக வாங்கப்படுகிறது. குடியிருப்புக்குக் காலவரையறை இல்லை. குடியிருப்போர் தம்முள் பேராளர்களைத் தேர்ந்தெடுத்து நிருவாகத்தோடு பேசுகின்றனர். வியன்னாவின் செல்வம் நமக்கு இல்லைதான். ஆனால் ரசீதுப் புத்தகமும் தேர்தலும் பெருஞ்செலவில் ஆவன அல்லவே.

தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்னும் திட்டம் இத்திசையில் எடுத்துவைத்த அடி. குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புத் தொகை திரட்டினால், அரசும் ஈடாகத் தன் பங்கைச் சேர்க்கும். வரவேற்கத்தக்கதே. எனினும் பெயரில் உள்ள 'நம்' என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்பது முக்கியம். படிக்கட்டைக் கூட்டுவது, விளக்கை மாற்றுவது சங்கத்தின் வேலை. மின்தூக்கியும் கழிவுநீர்க் குழாயும் தூண்களின் உறுதியும் கட்டியவரின் வேலை. பின்னதையும் சங்கத்தின் தலையில் ஏற்றினால், கூலி வேலை முடித்து வரும் ஒரு தலைவியும் ஒரு பொருளாளரும் பொறியாளர் ஆகிவிடமாட்டார்.

கடைசியாக உள்வாடகை பற்றி. ஊரின் புறத்தே அடுக்குமாடியில் வீடு பெற்ற ஏலத் தோட்டத் தொழிலாளி ஒருத்தியை எண்ணிப்பாருங்கள். ஜீப் இருட்டோடு கம்பத்திலிருந்து புறப்படும். அந்நேரத்துக்கு அவள் வீட்டருகே பேருந்து கிடையாது. அவள் அரசு வீட்டை மற்றொருவர்க்கு விட்டுவிட்டு, ஜீப் நிற்கும் தெருவில் பழைய லைன் வீட்டுக்கே திரும்பிவிடுகிறாள். கைத்தறியாளர் நிலையும் இதுவே. குழித்தறிக்குத் தரை வேண்டும். மூன்றாம் மாடியில் குழி தோண்டுவது எங்கே? விதிப்படி இவர்கள் ஒதுக்கீட்டை இழக்கவேண்டியவர்கள். இலாபத்துக்காக உள்வாடகை விடுபவரையும் இவர்களையும் ஒரே கோலால் அளப்பது நியாயமாகப் படவில்லை. ஒதுக்கீட்டு விண்ணப்பத்தில் வருமானமும் சாதியும் ஆதார் எண்ணும் கேட்பதோடு, 'வேலைக்கு எவ்விடத்திலிருந்து, எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்? வீட்டுக்குள் செய்யும் தொழில் யாது?' என்னும் இரு வினாக்களையும் சேர்த்து, வீடு கட்டும் இடத்தைத் தேர்வதற்கு முன்னரே அவற்றுக்கான விடைகளைத் திரட்டிப் பார்ப்பதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டுவதில்லை. நம் மாவட்டத்தில் அடுத்த குடியிருப்புக்கு நிலம் அளக்கும்போதே அதனைத் தொடங்கிவிடலாம்.